நிலம் வித்ததையே நினைச்சு மருகுற அப்பா: என்ன செய்யலாம்?

குடமுருட்டிக்கரை:

வணக்கம். வலங்கைமான் பக்கம் எங்க ஊர். அப்பாவுக்கு 63 வயசு. 2017 மாசியில ஆறு மா நஞ்சையை (ரெண்டு ஏக்கர்) வித்தார். அப்ப வெளியில 6 லட்சம் கடன், நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபா வட்டி. அந்த வருஷ சம்பா மொத்தமும் காஞ்சுபோச்சு. வித்த பணத்துல கடன் அடைஞ்சுது, மிச்சம் தம்பியோட பாலிடெக்னிக் படிப்புக்குப் போச்சு. இப்ப ரோடு அகலமானதும் அந்தப் பக்கம் மனை போட ஆரம்பிச்சுட்டாங்க. விலை எங்கயோ ஏறிடுச்சு.

அதுலேருந்து அப்பாவுக்கு வேற பேச்சே இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து குழிக்கு (மாவுக்குள்ள வர்ற சின்ன நில அளவு) இவ்வளவுன்னு கணக்குப் போடுறார். "மூணு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருந்தா 2020-ல தண்ணி வந்திருக்குமே"ங்கிறார். கூடவே பழசெல்லாம் கிளம்புது. 1996-ல மாமா சிங்கப்பூருக்குக் கூப்பிட்டப்ப போகலையேன்னு ஒரு புலம்பல். அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வித்தது இன்னொண்ணு. பத்திரம் முடிஞ்ச பிறகுதான் அத்தைக்குத் தெரியும். அதுக்கப்புறம் அவங்க எங்க வீட்டு வாசப்படி ஏறலை.

"விடுங்கப்பா, நடந்தது நடந்துபோச்சு"ன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டோம். அந்த நேரத்துக்குச் சரின்னு சொல்றார், மறுநாள் முதல்லேருந்து ஆரம்பிக்கிறார். பொதுவான ஆறுதல் வேணாம். வீட்டுல உட்கார்ந்து செய்யக்கூடியது என்ன, டாக்டர்கிட்ட எப்ப போகணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

—

கல்லணைக்கால்வாய்:

தம்பி, அப்பா சொல்றது ஒரே வருத்தம் மாதிரித் தெரிஞ்சாலும் மூணு தனித்தனி விஷயம். நிலம் வித்தது அவர் எடுத்த முடிவு. சிங்கப்பூர் போகாதது எடுக்காத முடிவு. அத்தைகிட்ட சொல்லாதது இன்னொருத்தருக்குச் செஞ்ச குறை. மூணுக்கும் வைத்தியம் வேற வேற. எல்லாத்தையும் சேர்த்து "விடுங்க"ன்னு சொல்றதாலதான் எதுவும் விடமாட்டேங்குது. நான் முதல் விஷயத்தை மட்டும் எழுதுறேன்.

அப்பா 2017-ல எடுத்த முடிவை இன்னைக்குத் தெரிஞ்ச சேதியை வெச்சு எடை போடுறார். இது எல்லாருக்கும் வர்ற பிசகு. முடிவு தெரிஞ்ச பிறகு "அது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்"னு மனசு தானா நம்ப ஆரம்பிச்சுடும். பரூக் ஃபிஷாஃப்னு ஒரு உளவியலாளர் 1975-லயே சோதனை வெச்சுக் காட்டின விஷயம் இது. வாயால சொல்லி இதை மாத்துறது கஷ்டம். தாள்ல எழுதினா மாற வாய்ப்பு உண்டு.

முதல்ல காகிதங்களைச் சேருங்க. கிரயப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, கடன் புரோநோட்டு இருந்தா அது, கூட்டுறவு சங்க பாஸ்புக், கிராம நிர்வாக அலுவலர்கிட்ட 1426-ஆம் பசலி (வருவாய்த்துறைக் கணக்கு வருஷம்) அடங்கல்னு சொல்ற பயிர்க் கணக்கு நகல் (2016 ஜூலையிலிருந்து 2017 ஜூன் வரைக்கும் அந்தப் பசலிதான்). பிறகு ஒரு நோட்டுல பக்கத்தை ரெண்டாப் பிரிச்சு, இடது பக்கம் "2017 மாசியில தெரிஞ்சது", வலது பக்கம் "அதுக்கப்புறம் தெரிஞ்சது". அப்பா தன் கையாலேயே எழுதணும். நீங்க எழுதிக் கொடுத்தா அது உங்க வாதமாப் போயிடும்.

இடது பக்கம் என்னென்ன வரும்னு உதாரணத்துக்குச் சொல்றேன். பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. நிஜமாத் திறந்தது 2012-ல செப்டம்பர் 17, 2013-ல ஆகஸ்ட் 2, 2014-ல ஆகஸ்ட் 15, 2015-ல ஆகஸ்ட் 9, 2016-ல செப்டம்பர் 20. அஞ்சு வருஷம் தொடர்ந்து ஆத்துப் பாசனக் குறுவை (சம்பாவுக்கு முந்தின குறுகிய கால நெல்) இல்லை. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில மாநிலமே வறட்சின்னு அறிவிச்சாச்சு. அதுக்கு முன்னாடி 2016 நவம்பர் 8-ல 500, 1000 நோட்டு செல்லாதுன்னதும் கூட்டுறவு வங்கிகள்ல பழைய நோட்டு வாங்கக்கூடாதுன்னுட்டாங்க. சங்கத்துல கடன் புரட்டுறதே பெரும்பாடு. போதாததுக்கு வயலுக்கடியில எண்ணெய், எரிவாயு எடுக்குற ஹைட்ரோகார்பன் திட்டப் பயம்.

வலது பக்கம்: காவிரி வழக்குல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2018 பிப்ரவரி 16. டெல்டாவுக்கான பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020 பிப்ரவரி. மேட்டூர் ஜூன் 12-ல திறந்தது 2020. ரோடு அகலமானது அதுக்கும் அப்புறம். இதுல ஒண்ணுகூட 2017 மாசியில யாருக்கும் தெரியாது. வித்த அதே வருஷம் அணை திறந்த தேதியையும் எழுதச் சொல்லுங்க: அக்டோபர் 2. முந்தின வருஷத்தைவிட இன்னும் தாமதம்.

அடுத்து "மூணு வருஷம் பல்லைக் கடிச்சிருந்தா"ங்கிறதை ரூபாயாப் போட்டுப் பாருங்க. 6 லட்சத்துக்கு ரெண்டு ரூபா வட்டின்னா மாசம் 12,000, வருஷம் 1,44,000. 2017 மாசியிலேருந்து 2020 ஜூன் வரைக்கும் 40 மாசம், 4,80,000. முதல் அப்படியே நிக்கும். நிலம் என்ன கொடுத்திருக்கும்? குறுவை, சம்பா ரெண்டும் நல்லா விளைஞ்சுதுன்னே வைங்க. ஏக்கருக்கு ஒரு போகம் 60 கிலோ மூட்டை 30. ரெண்டு ஏக்கர், ரெண்டு போகம், 120 மூட்டை, அதாவது 72 குவிண்டால். 2016-17-ல அரசு நெல்லுக்கு வெச்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 1,470. மொத்தம் 1,05,840. நடவு, களை, உரம், அறுப்பு மெஷின் வாடகை எதையும் கழிக்கலை. கழிக்காமலே ஒரு வருஷ வட்டிக்கு 38,160 குறையுது. அப்பா மனசுல ஓடுற கணக்கு இன்னைக்கு நெல்லு விக்கிற விலையையும் இன்னைக்கு மனை விலையையும் வெச்சு ஓடுது, கடனை மட்டும் மறந்துட்டு.

இதுல கெட்டுப்போற இடம் எதுன்னா, கணக்கு முடிஞ்சதும் வீட்டுல இருக்கவங்க "பாத்தீங்களா, நாங்க சொன்னோம்ல"ன்னு ஆரம்பிக்கிறது. அப்படிச் சொன்னா நோட்டை மூடிடுவார். அதேபோல அன்னைக்கே வேற வழி இருந்ததுன்னு காகிதம் காட்டினா அதை மறைக்காதீங்க. மூணு மா மட்டும் வித்துப் பாதிக் கடனை அடைச்சிருக்கலாம்னு அவர் சொன்னா, ஆமான்னு ஒத்துக்குங்க. ஆறு மாவுக்கும் சேர்த்து வருத்தப்படுறதைவிட மூணு மாவுக்கு வருத்தப்படுறது நியாயமான அளவு. அளவு தெரிஞ்ச வருத்தத்தைச் சுமந்துக்கிட்டே மனுஷன் வேலையைப் பாக்க முடியும்.

—

புன்னைமரம்:

மேலே சொன்ன கணக்கு பகல் வேலை. ராத்திரி ரெண்டு மணிக்கு அது எடுபடாது, அந்த நேரத்தில் கணக்கு நோட்டை எடுக்கவே விடாதீர்கள். இருட்டில் மனம் போடும் கணக்கு எல்லாமே நஷ்டக் கணக்காகத்தான் முடியும்.

இதற்கென்று உளவியலில் ஒரு பயிற்சி இருக்கிறது, எளிமையானது. வருத்தப்படுவதற்குத் தினமும் ஒரே நேரம், ஒரே இடம், 20 நிமிடம். மாலை ஐந்து மணி, திண்ணை, ஒரு நோட்டு. படுக்கும் அறையில் வேண்டாம், சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். அந்த 20 நிமிடம் அவர் எதை நினைத்தும் மருகலாம், யாரும் தடுக்கக் கூடாது. மற்ற நேரத்தில் நினைப்பு வந்தால் துண்டுத் தாளில் ஒரே வரி: "ரோட்டு விலை, அஞ்சு மணிக்கு." அவ்வளவுதான். நினைப்பை அடக்கச் சொல்லவில்லை, தள்ளிப்போடச் சொல்கிறோம். அடக்கினால் திமிறும், தள்ளிப்போட்டால் பாதி நாள் ஐந்து மணிக்கு அதற்கு வலுவே இருக்காது.

முதல் மூன்று நான்கு நாள் கூடுதலாகத் தோன்றும், அப்போதுதான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரம் விடாமல் செய்து பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். 20 நிமிடம் முடிந்ததும் உடனே கையால் செய்யும் வேலை ஒன்று இருக்கட்டும்: மாட்டுக்குத் தீனி, கடைக்குப் போவது, செடிக்குத் தண்ணீர். சும்மா உட்கார்ந்தால் 20 நிமிடம் இரண்டு மணி நேரமாகிவிடும்.

நோட்டில் எழுதும்போது கேள்வியைக் கவனியுங்கள். "ஏன் இப்படிப் பண்ணினேன்" என்று தொடங்கினால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரும். "அன்று காலை யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், அடுத்து என்ன செய்தேன்" என்று நடந்ததை நடந்தபடி எழுதினால் பக்கம் ஓரிடத்தில் முடியும்.

தூக்கத்துக்கு: படுத்து ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார வேண்டும். செல்போன் கூடாது, கடிகாரம் பார்க்கக் கூடாது. கண் சொக்கினால் திரும்பப் படுக்கலாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுப்பிவிடுங்கள். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், மூன்று மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். டெல்டாவில் இந்தக் கடைசி விஷயம்தான் கஷ்டம், ஆனால் அதற்குப் பலன் உண்டு.

வீட்டில் எல்லோரும் ஒரே பதிலைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஆரம்பித்ததும் ஒருவர் சமாதானம், ஒருவர் கோபம், ஒருவர் புதுக் கணக்கு என்று போனால் தீ அணையாது. "புரியுதுப்பா, அஞ்சு மணிக்குப் பேசுவோம்." இதே வாக்கியம், இதே குரல், எல்லோரிடமிருந்தும். ஐந்து மணிக்கு நிஜமாகவே ஒருவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அது அவரை ஏமாற்றியதாகிவிடும்.

சிங்கப்பூர் விஷயம் வேறு மாதிரி. தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் இருவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது: கிட்டத்தில் நடந்ததில், செய்ததை நினைத்து வருந்துகிறோம், காலம் போகப் போக, செய்யாமல் விட்டதுதான் பெரிதாகத் தெரிகிறது. காரணம், செய்த காரியத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது, செய்யாததற்கு இல்லை. போகாத சிங்கப்பூரில் ஏஜெண்ட் கட்டணம் கிடையாது, டார்மிட்டரி கிடையாது, சாரத்தில் ஏறி வேலை செய்து இடுப்பு போவது கிடையாது, ஒப்பந்தம் முடிந்து திரும்பி வருவதும் கிடையாது. அங்கே அவர் எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருக்கிறார். எனவே போயிருந்தால் ஒரு சாதாரண நாள் எப்படி இருந்திருக்கும் என்று எழுந்ததிலிருந்து படுத்தது வரை எழுதச் சொல்லுங்கள். அந்த ஆண்டுகளில் வீட்டில் அவர் இல்லாமல் என்னென்ன நடந்திருக்கும் என்பதையும் எழுதட்டும். 1997-இல் ஆசியப் பொருளாதார நெருக்கடி வந்தது என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டியதுதான்.

—

குடமுருட்டிக்கரை:

ரொம்ப நன்றி. ரெண்டு பத்தி நோட்டை ஆரம்பிச்சுட்டார். வட்டிக் கணக்கைப் போட்டுட்டு ரொம்ப நேரம் பேசாம உட்கார்ந்திருந்தார். "கணக்கெல்லாம் புரியுது, மனசு கேக்கமாட்டேங்குது"ங்கிறார்.

இன்னொண்ணு கேக்கணும். கொஞ்ச நாளாச் சாப்பாடு குறைஞ்சிருக்கு, வேட்டி இடுப்புல நிக்கலை. நேத்து அம்மாகிட்ட "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்"னு சொல்லியிருக்கார். அடிக்கடி இப்படிச் சலிச்சுக்குவார், அதனால பெருசா எடுத்துக்கணுமான்னு தெரியலை.

—

நாற்றங்கால்:

பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கே. மற்ற பயிற்சி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

வருத்தம் என்றால் நடுநடுவே மனிதர் சிரிப்பார், பேரப்பிள்ளையைக் கொஞ்சுவார், பிடித்த குழம்பை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுவார். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனம் இருண்டு, தூக்கம் விடிகாலையில் முறிந்து, சாப்பாடு குறைந்து, உடம்பு இளைத்து, தான் ஒரு பாரம் என்ற பேச்சும் வந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். கணக்கு புரிந்தும் மனம் கேட்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். நோயில் இருக்கும் மனம் பழைய கணக்கில் தன் குற்றத்தை மட்டும் தேடி எடுக்கும்.

முதல் வேலை, நேராகக் கேட்பது. தனியாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று அந்த வார்த்தையிலேயே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பெரும்பாலும் கேட்டதும் மனிதருக்கு மூச்சு வரும். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், அவரைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். வீட்டிலோ கொட்டகையிலோ பூச்சிமருந்து மிச்சம் இருந்தால் கேட்பதற்கு முன்பே அங்கிருந்து அப்புறப்படுத்துங்கள். விவசாய வீடுகளில் இந்த ஒரு காரியம் உயிரைக் காப்பாற்றும். ஒளித்து வைப்பது போதாது, வீட்டை விட்டே போக வேண்டும்.

14416, இது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அரசு சுகாதார உதவி எண்ணான 104-லும் ஆலோசனை கிடைக்கும். அப்பா பேச மறுத்தால் நீங்கள் கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளிச் சீட்டு போட்டால் போதும். காலையில் சீக்கிரம் போங்கள். "மனநல டாக்டர்" என்றால் வரமாட்டார் என்றால் "தூக்கம் வரலைன்னு காட்டுவோம்" என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வயதில் இளைப்பு என்றால் சர்க்கரை, தைராய்டு, ரத்த சோகை, பி12 பார்ப்பார்கள். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், குடி இதை அப்படியே கூட்டும்.

மருந்து கொடுத்தால் பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு. முதல் வாரம் வயிற்றுப் புரட்டல், படபடப்பு வரலாம். இரண்டு இடத்தில் கெடும்: பத்து நாளில் "ஒண்ணும் கேக்கலை" என்று நிறுத்துவது, இரண்டு மாதத்தில் "சரியாயிடுச்சு" என்று நிறுத்துவது. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்துவது மருத்துவர் சொல்லி, படிப்படியாகத்தான்.

—

வெட்டாறு:

அத்தை விஷயத்துக்கு யாரும் வரலை. அது கணக்குல தீராது, மாத்திரையிலும் தீராது. உண்மையில் ஒருத்தருக்குக் குறை வெச்சிருந்தா அதைச் சம்பந்தப்பட்டவங்ககிட்டப் போய்த்தான் இறக்கி வைக்கணும். அப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் தேறின பிறகு செய்யுங்க, இப்பவே இழுத்துக்கிட்டுப் போகாதீங்க.

போறதுக்கு முன்னாடி தாய்ப்பத்திரத்தை (நிலம் அப்பா கைக்கு வந்த மூலப் பத்திரம்) பாருங்க. நிலம் அப்பா தன் சம்பாத்தியத்துல வாங்கினதா, தாத்தா வழி வந்ததா? தாத்தா உயில் எழுதாம போயிருந்தா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் பங்கு உண்டு. அப்படியிருந்தா "சொல்லாம விட்டது" மட்டும் குறை இல்லை, பங்கே போயிருக்கு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இலவசமாக் கேக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, அத்தையே தனியாவும் கேக்கலாம். இது தெரியாம மன்னிப்புக்குப் போனா பேச்சு நடுவுல சொத்து வந்து எல்லாம் கெட்டுப்போகும்.

போறப்ப அப்பா மட்டும் போகணும், இல்லைன்னா கூட ஒருத்தர். ஊர்ப் பெரியவங்களைக் கூட்டிக்கிட்டுப் போனா அது பஞ்சாயத்து. கல்யாணம், காதுகுத்துன்னு கூட்டத்துல வேணாம். பேச வேண்டியது நாலு வரி: "உன்கிட்ட கேக்காம வித்தேன். பத்திரம் முடிஞ்ச பிறகுதான் நீ தெரிஞ்சுக்கிட்டே. அது உன்னை ஒதுக்கினது மாதிரி. தப்பு என்னோடதுதான்." இதுக்குப் பின்னாடி "ஆனா அன்னைக்குக் கடன்..."னு வந்தா முன்னாடி சொன்ன நாலும் வீண். கடன் கதையை அத்தை கேட்டா மட்டும் சொல்லட்டும். மன்னிச்சேன்னு சொல்லுன்னு கேக்கக்கூடாது. அத்தை கோபத்தைக் கொட்டினா உட்கார்ந்து கேட்டுட்டு வரணும். அன்னைக்கே சரியாகாது. அடுத்த பொங்கல் சீரை ஆள்கிட்ட கொடுத்து அனுப்பாம அப்பாவே எடுத்துக்கிட்டுப் போகட்டும், அத்தை வாங்கினாலும் வாங்காட்டாலும். சீரை மட்டும் கொண்டுபோய் வெச்சுட்டு வார்த்தை சொல்லாம வர்றதுதான் நம்ம பக்கம் அதிகம் நடக்குது, அது எடுபடாது.

—

கல்லணைக்கால்வாய்:

நாற்றங்கால் சொன்னதை முதல்ல செய்யுங்க தம்பி. டாக்டர் பார்த்து, அப்பாவும் எழுந்து நடமாட ஆரம்பிச்ச பிறகு ஒரு யோசனை. விவசாயியா வாழ்ந்தவருக்குக் கையில வயல் இல்லாததே பாதி வியாதி. நிலம் திரும்ப வாங்குறேன்னு கடன்ல இறங்க விடாதீங்க. தெரிஞ்சவங்க வயல்ல ஒரு மா மட்டும், சம்பா அறுப்புக்குப் பிந்தின உளுந்துக்குப் பேசி எடுங்க. குத்தகைப் பேச்சைச் சாட்சியோட எழுதி வெச்சுக்குங்க.

நெல் தரிசு உளுந்துக்கு ஆடுதுறை 3 ரகம் நம்ம மண்ணுக்குத் தோது. தை மாசத்துல, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, நிக்கிற நெல்லுக்குள்ளயே விதைக்கணும். மண்ணு மெழுகுப் பதத்துல இருக்கணும். தண்ணி நின்னா விதை அழுகும், காஞ்சிருந்தா முளைக்காது. ஏக்கருக்கு 12 கிலோ விதை, ஒரு மாவுக்கு 4 கிலோ. அறுப்பு மெஷின் இறங்கினா சக்கரத் தடத்துல முளை நசுங்கும், அதனால ஆள் அறுப்பு வயலாப் பாருங்க. பூக்குறப்ப ஒரு தடவை, பதினஞ்சு நாள் கழிச்சு ஒரு தடவை 2 சதவீத டிஏபி உரக் கரைசல் தெளிக்கணும். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை முந்தின நாளே 10 லிட்டர் தண்ணியில ஊறவெச்சு, தெளிவை மட்டும் வடிகட்டி 190 லிட்டரோட கலக்கணும். ஒரு மாவுக்கு இதுல மூணுல ஒரு பங்கு. சாயங்காலம் தெளிக்கச் சொல்லுங்க. பூச்சிமருந்து தேவைப்பட்டா அந்த வேலையை வேற ஆள் பாத்துக்கட்டும், டப்பா உங்க வீட்டுக்கு வரவேணாம்.

வித்த வயலுக்குப் பக்கத்து வயலா மட்டும் எடுக்காதீங்க.